ஒரு கிட்டார் குறைவாக

பிலாய்,
22-12-1981

ஜெயக்கொடிக்கு,

இங்கே குளிர் கடுமை. உடம்புக்கு ஒன்றுமில்லை. இரும்பாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, குளிக்காமல்கூட இதை எழுதுகிறேன்.

விருமாண்டி சித்தப்பாவிடமிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. அவர் இதுவரை எனக்கு ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, நீயும் செல்லத்தாயும் தல்லாகுளம் பஸ் ஸ்டாப்பில் நின்றீர்களாம். பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் இங்கிலீஷ் பாட்டுக் கச்சேரி முடிந்து, முடி வளர்த்த பையன்கள் கூட்டத்தோடு வெளியே வந்தீர்களாம். ‘கல்யாணமாகி நாலு மாசம் முடியலை, புருசன் வடக்க கெடக்கான், மருமக கச்சேரி பார்க்கக் கெளம்பிட்டா’ என்று எழுதியிருக்கிறார். இதைப் படிக்கும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ யோசித்துப் பார்.

செல்லத்தாய் சின்னப் பிள்ளை. காலேஜுக்குப் போகிறவள், எதையாவது பார்த்து ஆசைப்படுவாள். என் தங்கையை நீ தடுத்திருக்க வேண்டாமா? அம்மாவிடம் காலேஜ் விழா என்று சொல்லிவிட்டுப் போனீர்களாமே?

சினிமாவுக்குப் போ, பொருட்காட்சிக்குப் போ. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் கச்சேரிக்குத்தான் போக வேண்டுமா? அங்கே யார் பாடினார்கள் என்று எனக்குத் தெரியும். எதற்குப் போனாய், யாரிடம் பேசினாய் என்று ஒன்று விடாமல் எழுது. இனி அந்தப் பக்கம் போகாதே.

நல்லகாமன்


விளாங்குடி,
30-12-1981

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

செல்லத்தாய்தான் கூப்பிட்டாள். ‘ஒரு ஆளைக் காட்டுறேன், வாங்க மதினி’ என்றாள். யார் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. அத்தையிடம் காலேஜ் விழா என்று பொய் சொன்னது நான்தான். அவள் மேல் கோபப்படாதீர்கள்.

முந்நூறு பேர் இருப்பார்கள். பெண்கள் முப்பது பேர். மேடையில், போன வருசம் அமெரிக்காவில் சுட்டுக் கொன்றார்களே, அந்த வெள்ளைக்காரப் பாடகருடைய படத்தைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். சினிமா பேனர் எழுதுகிறவர் எழுதியது போலிருக்கிறது. கன்னத்தில் ரோஸ் கலர், வட்டக் கண்ணாடி, கழுத்தில் ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை. அவர் செத்து ஒரு வருசம் ஆனதற்காக, அவரும் அவர் கூட்டாளிகளும் பத்துப் பதினைந்து வருசத்துக்கு முன்னால் பாடிய பாட்டுகளை மட்டும் பாடப் போவதாக அறிவித்தார்கள்.

பாடியவர் வெள்ளைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தார். நாலு பாட்டு வரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. அப்புறம் அவர் மைக்கில் தமிழில் பேசினார்.

‘இவருக்கு மதுரைன்னு ஒரு ஊரு இருக்கிறதே தெரியாது. நாங்க செல்லூர்ல, ஞாயித்துக்கிழமை தறி நின்னப்புறம், தறி ஷெட்டுக்குள்ள உக்காந்து இவரு பாட்டைத்தான் படிச்சோம். எனக்கு இங்கிலீஷு வராது. பாதிக்கு அர்த்தம் இப்பவும் தெரியாது. ஆனா பாடுறப்ப எங்கள யாரும் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டதில்ல.’

பிறகு கிட்டாரைத் திருகிக்கொண்டே சொன்னார்: ‘அடுத்த பாட்டுக்கு ரெண்டு கிட்டார் வேணும். ஒண்ணு பிலாய்ல இருக்கு. ஒண்ணைக் குறைச்சுக் கேட்டுக்கங்க.’

செல்லத்தாய் என் கையைப் பிடித்தாள். ‘அண்ணன்தான் மதினி’ என்றாள்.

மாமா, நீங்கள் கிட்டார் வாசிப்பீர்கள் என்று மேடையில் யாரோ ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? பதினெட்டு நாள் நாம் ஒரே வீட்டில் இருந்தோமே.

அந்தப் பாட்டு மெதுவாக இருந்தது. நடுவில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார். டிரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அது உங்கள் இடம் என்று செல்லத்தாய் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உங்கள் விரல்கள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இடது கை விரல் நுனி காய்த்துப் போயிருக்கும். வேலையால் வந்தது என்று நினைத்திருந்தேன்.

முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் போனேன். அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்வதற்குள், ‘தெரியும் தங்கச்சி. கல்யாணத்துல பார்த்தேன். நான் கருப்பு. ஐ.டி.ஐ.ல அவனும் நானும் ஒரே பெஞ்சு’ என்றார். ஏதாவது பேச வேண்டுமே என்று, ‘அன்னைக்குச் சாப்பிட்டுத்தானே போனீங்கண்ணே?’ என்றேன்.

‘பந்தில உக்காந்தேன்’ என்றார். அவ்வளவுதான்.

செல்லத்தாய் என்னை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னாள். இலை போட்டு, சோறு வைத்த பிறகு, உங்கள் அய்யா அவரை எழுப்பி விட்டாராம். அவருடைய தெருவைத் தெரிந்த யாரோ முணுமுணுத்தார்களாம். அப்போது நாம் இரண்டு பேரும் மணவறையில் மாலையோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருப்போம்.

திரும்பிப் போய், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். ‘வீட்டு ஆளுககிட்டக் கேட்டுட்டுக் கூப்புடு தங்கச்சி’ என்றார். ‘நானும் வீட்டு ஆள்தாண்ணே’ என்றேன்.

நடந்தது இதுதான். நான் செய்தது தப்பா?

ஜெயக்கொடி


பிலாய்,
7-1-1982

ஜெயக்கொடி,

தப்பு என்று சொல்லவில்லை. அவசரம் என்று சொல்கிறேன்.

நீ அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள். அய்யாவைப் பற்றி உனக்குத் தெரியாது. அவர் காலம் அப்படி. அவரை மாற்ற உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. கருப்பு நல்லவன்தான். அவனுக்கு அன்று வேறு ஏதோ வேலையும் இருந்தது, கிளம்பிப் போனான். செல்லத்தாய் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அவள் கூட்டத்தில் எங்கோ நின்றிருப்பாள், என்ன கண்டாள்?

கிட்டார் விஷயத்தை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று இல்லை. விட்டுப்போன ஒன்றைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று செல்லத்தாயிடம் சொல்லி அனுப்பு. அவன் புரிந்துகொள்வான். அவன் எப்போதும் புரிந்துகொள்கிறவன். சீக்கிரம் இங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடும். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தயவுசெய்து இதை மட்டும் செய்.

நல்லகாமன்


தேனூர்,
24-1-1982

அன்புள்ள மாமாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் இப்போது என் அப்பா வீட்டில் இருக்கிறேன்.

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. மூன்று தடவை படித்தேன். நீங்கள் சொன்னபடி நான் செய்யவில்லை.

அத்தையிடம், ‘உங்க மகனோட கூட்டாளி ஒருத்தர் வாராரு’ என்று மட்டும் சொன்னேன். கோழி அடித்துக் குழம்பு வைத்தோம். கருப்பு அண்ணன் வாசலுக்கு வந்ததும் அத்தை முகம் மாறிப் போனது. கூடத்தில், உங்கள் அய்யா எப்போதும் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் நான் இலையைப் போட்டேன். அண்ணன் ஒரு நிமிசம் அந்த இலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் உட்கார்ந்தார்.

பாதிச் சாப்பாட்டில் உங்கள் அய்யா தோட்டத்திலிருந்து வந்துவிட்டார். வாசற்படியில் நின்று பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயிலில்.

கருப்பு அண்ணன் எழுந்திருக்கவில்லை. ‘இன்னுங் கொஞ்சம் வையி தங்கச்சி’ என்றார். பசித்துக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. வைத்தேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் தெருவுக்குப் போய், உங்கள் அய்யாவுக்கு முன்னால் நின்று, ‘வாரேங்க’ என்றார். அவர் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் தலை மறைந்ததும் அய்யா உள்ளே வந்தார். ‘உங்கப்பன் வீட்ல போயி இந்தச் சட்டமெல்லாம் பேசு. பொட்டிய எடு’ என்றார். செல்லத்தாய் அழுதாள். நான் அழவில்லை, மாமா. அவரைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னேன். ‘உங்க மகன் இருந்திருந்தா அவரு பக்கத்துல இன்னொரு இலையப் போட்டு உக்காந்திருப்பாரு’ என்று சொன்னேன். அதற்கு அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபம்கூட இல்லை. ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டது மாதிரி இருந்தது.

இங்கே அப்பாவும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். அய்யாவுக்கு எழுதுங்கள். நான் செய்தது நீங்கள் செய்திருக்கக் கூடியதுதான் என்று எழுதுங்கள்.

ஜெயக்கொடி


பிலாய்,
3-2-1982

ஜெயக்கொடி,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. அய்யா உன்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். நீயும் தெரிந்துகொள்.

கருப்பைப் பந்தியிலிருந்து எழுப்பியது அய்யா இல்லை. நான்.

தாலி கட்டி முடிந்து, நீ சேலை மாற்றப் போன நேரம். அய்யா என்னிடம் வந்து, ‘செல்லூர்க்காரப் பய பந்தில உக்காந்திருக்கான். நம்ம ஆளுக எந்திரிக்கப் போறாக. என்ன செய்யலாம்னு நீயே சொல்லு’ என்றார். அவர் என்னைக் கேட்டார், ஜெயக்கொடி. அவர் உத்தரவு போடவில்லை. ‘இருக்கட்டும்யா’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலு பேர் எழுந்து போயிருப்பார்கள். சித்தப்பா ரெண்டு வருசம் பேசாமல் இருந்திருப்பார். அவ்வளவுதான்.

நானே மாலையோடு பந்திக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். மாப்பிள்ளையே வந்து உபசரிக்கிறான் என்று நினைத்திருப்பான். குனிந்து அவன் தோளைத் தொட்டு, ‘மாப்ள, கொஞ்சம் எந்திரிச்சு வாடா. பின்னாடி உனக்குத் தனியா எடுத்து வைக்கச் சொல்லிருக்கேன்’ என்றேன். நல்ல விதமாகச் சொல்வது போலச் சொன்னேன். அவன் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். சாப்பிடாத இலையை மடித்தான். சாம்பார் அவன் வேட்டியில் வழிந்தது. பக்கத்தில் இருந்தவன் நகர்ந்து உட்கார்ந்தான்.

அவனோடு ஒரே டம்ளரில் டீ குடித்திருக்கிறேன். தறி ஷெட்டில் ஒரே பாயில் தூங்கியிருக்கிறேன். பழைய ரேடியோக்களைப் பிரித்து அவன் செய்த ஆம்ப்ளிபயரில்தான் நான் வாசித்தேன். அவன் வீட்டில் நான் சாப்பிட்டது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. அது ஒன்றும் பெரிய காரியமாக எனக்குத் தோன்றியதில்லை. அதெல்லாம் செல்லூரில். விளாங்குடியில், என் ஆட்கள் முன்னால், எனக்குத் தைரியம் இல்லாமல் போய்விட்டது.

கிட்டாரைப் பற்றி உன்னிடம் சொல்லியிருந்தால் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. மேடையில் அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். பிலாய்ல இருக்கு என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டான்.

நீ என்னைப் பற்றி அய்யாவிடம் சொன்ன வார்த்தையை நினைத்து எனக்குத் தூக்கமில்லை. என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரிதான்.

நல்லகாமன்


தேனூர்,
14-2-1982

மாமாவுக்கு,

படித்தேன்.

இரண்டு நாள் பாயிலேயே கிடந்தேன். காய்ச்சலா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

அய்யாவிடம் நான் பெருமையாகப் பேசியது நினைவுக்கு வரும்போதெல்லாம் முகம் எரிகிறது. அவர் அப்போதே உண்மையைச் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். மகனை விட்டுக்கொடுக்கவில்லை. கருப்பு அண்ணனும் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களை எல்லாரும் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், மாமா.

இதை எனக்கு எழுதினீர்கள். எனக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. யாருக்கு எழுத வேண்டுமோ அவருக்கு எழுதுங்கள்.

ஜெயக்கொடி


பிலாய்,
1-3-1982

ஜெயக்கொடி,

கருப்புக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் அய்யாவைக் குறை சொல்லியிருந்தேன். இரண்டாவதில் ஊரைக் குறை சொல்லியிருந்தேன். மூன்றாவதில் என் கஷ்டத்தையே எழுதிக்கொண்டு போயிருந்தேன். நான்காவது ஒரு பக்கம்தான். அதைத் தனி உறையில் போட்டு இதற்குள் வைத்திருக்கிறேன். தபாலில் போட்டால் என் கையெழுத்தைப் பார்த்துப் பிரிக்காமல் போட்டுவிடுவானோ என்று பயம். நீ கொண்டுபோய்க் கொடுப்பாயா? செல்லூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான், வீடு அதற்குப் பின்னாலேயே. உறை ஒட்டவில்லை, நீயும் படித்துக்கொள்.

அய்யாவுக்கும் எழுதினேன். நீ செய்தது சரி, நான் செய்ததுதான் கேவலம், ஜெயக்கொடிக்கு இடமில்லாத வீட்டுக்கு நானும் வரமாட்டேன் என்று எழுதினேன். செல்லத்தாயை விட்டுப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறார். ஒரே வரி. ‘அப்படியே இருக்கட்டும்.’ அதற்குக் கீழே செல்லத்தாய் தானாக எழுதியிருக்கிறாள், அம்மா சாப்பிடவில்லை என்று.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. ஒரு ரூம், ஒரு அடுப்படி, முன்னால் ஒரு கொய்யா மரம். உன் அண்ணன் காளையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்துவிடு. இங்கே நம்மை யாருக்கும் தெரியாது. புதிதாக ஆரம்பிக்கலாம்.

வருவாயா?

நல்லகாமன்


தேனூர்,
16-3-1982

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்குப் போய் வந்தேன். காளை அண்ணன் தெருமுனை வரை வந்து நின்றுகொண்டான். உள்ளே நான் மட்டும் போனேன்.

கருப்பு அண்ணன் வெளியே போயிருந்தார். அவருடைய அம்மா மலையம்மாள்தான் இருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ‘நல்லகாமன் பொண்டாட்டியா! அவன் எம்புட்டு நாளு இந்த எடத்துல உக்காந்து தின்னிருக்கான்’ என்றார்கள். கல்யாணத்தில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது, மாமா. மகன் சொல்லவேயில்லை. வேலைக்குப் போனதும் உங்களுக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு நீட்டினார்கள்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். என் கை உடனே நீளவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். கருப்பு அண்ணனுக்கு நடுக்கூடத்தில் இலை போட்டவள் நான். உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதியவள் நான். என் வீட்டில் நான் பரிமாறுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர்கள் வீட்டில் அவர்கள் போட்டதை வாங்கும்போது, எனக்குள்ளே யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் வாங்கினேன், சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. ஆனால் அந்த ஒரு மூச்சை அவர்கள் பார்த்துவிட்டார்கள். ‘ஒனக்குக் கருவாடு சேராதோ தாயி?’ என்று கேட்டார்கள். எனக்காக அவர்களே ஒரு காரணம் தேடிக் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடிக்கிற வரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இனிமேல் உங்களை மேலேயிருந்து பார்த்து என்னால் கடிதம் எழுத முடியாது.

கருப்பு அண்ணன் வந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். வாசலில் வெளிச்சத்துக்குப் போய் நின்று படித்தார். ஒரு பக்கம்தானே, நெடுநேரம் படித்தார். உள்ளே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழாதபடி என்னிடம் சொன்னார்:

‘படிச்சிட்டேன்னு எழுது தங்கச்சி.’

‘மன்னிச்சிட்டீங்கன்னு எழுதட்டுமாண்ணே?’

‘அதை எழுதாத’ என்றார். ‘அது இன்னும் வரல. வந்தா நானே எழுதுறேன். வராமலும் போகலாம்.’

கோபமாகச் சொல்லவில்லை. காயில் கட்ட வந்த ஆளிடம் வேலை எப்போது முடியும் என்று சொல்வது போலச் சொன்னார். நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பிலாய்க்கு வருவாயா என்று கேட்டிருந்தீர்கள். வாரேன். உங்களோடு இருக்கத்தான் வாரேன். ஆனால் காளை அண்ணனோடு வரமாட்டேன். நம்மை யாருக்கும் தெரியாத ஊரில் ஆரம்பிப்பதற்கு முன்னால், தெரிந்த ஊருக்கு நீங்கள் ஒரு தடவை வர வேண்டும். லீவு போடுங்கள். எந்த ரயில் என்று எழுதுங்கள், ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். அங்கிருந்து விளாங்குடிக்கும் வேண்டாம், தேனூருக்கும் வேண்டாம். நேராகச் செல்லூருக்குப் போவோம். மலையம்மாள் அத்தையிடம் நடந்ததை நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் உட்காரச் சொன்னால் உட்காருவோம். சொல்லாவிட்டால், நின்று சொல்லிவிட்டு ரயிலேறுவோம்.

நானும் அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்குக் கருவாடு சேரும்.

ஜெயக்கொடி